கிணற்று நீர்மட்டமும் கணினிக் கணக்கும்: நிலத்தடி நீர் குறித்த வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி (பொன்னேரி வாசகர்): மீஞ்சூர்ப் பக்கத்துக் கிணறுகளில் தண்ணீர் உவர்ப்பாகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. கடற்கரையோ பல கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. உப்பு இவ்வளவு தூரம் எப்படி வந்தது? தொடர்ந்து நல்ல மழை பெய்தால் பழைய தண்ணீர் திரும்பக் கிடைக்குமா?

பதில்: உங்கள் வட்டாரம் ஆரணி ஆறும் கொசஸ்தலை ஆறும் காலங்காலமாகக் கொண்டுவந்து குவித்த வண்டலின் மேல் அமைந்திருக்கிறது. அந்த வண்டலுக்குள் மணலும் கூழாங்கல்லும் நிறைந்த அடுக்குகள் புதைந்து கிடக்கின்றன. இடையிடையே களிமண் படலங்களும் உண்டு. 1960களின் பிற்பகுதியில் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியுடன் இங்கே விரிவான ஆய்வு நடந்தது. அதைத் தொடர்ந்து மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய இடங்களில் ஆழ்துளைக் கிணறுகள் தொகுதி தொகுதியாக அமைக்கப்பட்டு, சென்னைக்கும் மணலித் தொழிற்சாலைகளுக்கும் தண்ணீர் அனுப்பப்பட்டது. அதே அடுக்குகளிலிருந்துதான் சுற்றுவட்டார உழவர்களும் நெல்லுக்கு இறைத்தார்கள்.

கடலோரத்தில் நன்னீரும் உவர்நீரும் மண்ணுக்கடியில் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கின்றன. உவர்நீர் சற்றே கனமானது என்பதால் அடியில் தங்குகிறது. நன்னீர் அதன்மேல் நிற்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நெதர்லாந்தின் கைபனும், 1901இல் ஜெர்மனியின் ஹெர்ஸ்பெர்க்கும் தனித்தனியே கண்ட கணக்கின்படி, நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்திற்கு மேல் 1 மீட்டர் உயரத்தில் இருந்தால் அதற்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் இருக்கும். இதை மறுபக்கமாகப் பார்க்கும்போதுதான் அபாயம் விளங்குகிறது. நீர்மட்டம் வெறும் அரை மீட்டர் இறங்கினாலே, காலப்போக்கில் உவர்நீரின் எல்லை அடியிலிருந்து 20 மீட்டர் மேலேறி வந்துவிடும். மீஞ்சூரில் நடந்தது அதைவிடக் கடுமையானது. இறைப்பு மிகுந்து நீர்மட்டம் கடல்மட்டத்திற்கும் கீழே போய்விட்டதால், கடலை நோக்கி ஓடிக்கொண்டிருந்த நிலத்தடி நீரோட்டம் திசை மாறி, கடலிலிருந்து உள்நாட்டை நோக்கி வரத் தொடங்கியது. 1969இல் கரையிலிருந்து ஏறத்தாழ 3 கி.மீ. வரை இருந்த உவர்நீர், 1983இல் ஏறத்தாழ 9 கி.மீ. வரை வந்துவிட்டது. அதாவது 14 ஆண்டுகளில் 6 கி.மீ.! அது பின்னர் இன்னும் உள்ளே நகர்ந்ததையும் ஆய்வுகள் காட்டின.

மழையைப் பற்றிய உங்கள் கேள்விக்கு நேரடியாகச் சொல்வதானால், ஓரிரு நல்ல மழைக்காலங்கள் மேலடுக்கை ஓரளவு இனிப்பாக்கும். களிமண் படலத்திற்குக் கீழே இருக்கும் ஆழ்ந்த அடுக்கை அவ்வளவு எளிதில் மாற்றாது. மேலிருந்து இறங்கும் மழைநீரைக் களிமண் தடுக்கிறது. அந்தக் களிமண்ணுக்குள்ளேயே ஏறிவிட்ட உப்பும் சிறுகச் சிறுகத்தான் வெளியேறும். நீர்மட்டம் ஆண்டு முழுவதும், பல ஆண்டுகளுக்குத் தொடர்ந்து, கடல்மட்டத்திற்கு மேல் நின்றால்தான் ஓட்டம் மறுபடியும் கடலை நோக்கித் திரும்பும். ஆறுகளின் குறுக்கே கட்டப்பட்ட தடுப்பணைகள் அதற்கு உதவுகின்றன. ஆனால், தடுப்பணை நிறைந்த மகிழ்ச்சியில் இறைப்பையும் கூட்டினால் சேர்த்தது முழுவதும் மோட்டார் வழியாகவே போய்விடும்.

கேள்வி (நாமக்கல் மாவட்ட வாசகர்): எங்கள் குறுவட்டம் அரசின் பட்டியலில் ‘பாதுகாப்பானது’ என்று இருக்கிறது. ஆனால் ஏப்ரல், மே மாதங்களில் எங்கள் கிணறுகள் வறண்டுவிடுகின்றன. பட்டியல் தவறா, எங்கள் கிணறுகள் தவறா?

பதில்: இரண்டுமே தவறாக இருக்க வேண்டியதில்லை. ஓர் ஆண்டில் ஒரு குறுவட்டத்தில் எடுத்துக்கொள்ளத்தக்க நீர் எவ்வளவு, எடுக்கப்படும் நீர் எவ்வளவு என்ற விகிதத்தை வைத்துத்தான் அந்தப் பட்டியல் தயாராகிறது. எடுப்பு 70 விழுக்காட்டுக்குள் இருந்தால் பாதுகாப்பானது. 70 முதல் 90 வரை ஓரளவு அபாயமானது. 90 முதல் 100 வரை அபாயமானது. 100ஐத் தாண்டினால் மிகையாக எடுக்கப்பட்டது என்று வகுக்கிறார்கள். இது குறுவட்டம் முழுமைக்கும், ஆண்டு முழுமைக்குமான சராசரி. ஏரிக்குக் கீழே ஆயக்கட்டில் இருக்கும் கிணறும், மேட்டுப்பாங்கான கரட்டு நிலத்தில் இருக்கும் கிணறும் அந்தச் சராசரிக்குள் ஒன்றாகவே அடங்கிவிடுகின்றன.

இன்னொரு காரணம் உங்கள் காலடியில் இருக்கும் பாறை. தமிழ்நாட்டின் பரப்பில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு கடினப்பாறைப் பகுதி. அங்கே தண்ணீர் மணலில் தேங்குவதுபோலத் தேங்குவதில்லை. மேலே சிதைந்த பாறையிலும் அதற்குக் கீழே உள்ள வெடிப்புகளிலும் மட்டுமே தங்குகிறது. ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் மழைக்குப் பின் நீர்மட்டம் 2 மீட்டர் உயர்ந்தது என்று கொள்வோம். கடினப்பாறை தன்னிடமிருந்து விட்டுக்கொடுக்கும் நீர் அதன் கன அளவில் 1 முதல் 3 விழுக்காடுதான். ஒன்றரை விழுக்காடு என்று எடுத்துக்கொண்டால், சேர்ந்த நீர் 30,000 கன மீட்டர். ஒரு போக நெல்லுக்கு 1,200 மி.மீ. நீர் வேண்டும் என்று வைத்தால், வயலிலிருந்து திரும்பக் கீழே இறங்குவதை ஒதுக்கிவிட்டுப் பார்க்கையில், இது வெறும் 6 ஏக்கருக்குத்தான் போதும். அதே 2 மீட்டர் உயர்வு ஆற்று மணலில் ஏற்பட்டிருந்தால், 15 விழுக்காட்டுக் கணக்கில் 60 ஏக்கர் வரை பாயும். ஆகவே, கடினப்பாறைப் பகுதியில் கிணறு வேகமாக நிறைவதும் வேகமாக வற்றுவதும் இயல்பு. தை மாதத்தில் கிணறு தளும்புவதைப் பார்த்துக் கோடைப் பயிரைத் தீர்மானிப்பதில்தான் பலரும் ஏமாந்துபோகிறார்கள்.

‘சேர்வதைவிடக் குறைவாக எடுத்தால் பாதிப்பே இல்லை’ என்ற எண்ணத்தையும் இங்கே திருத்திக்கொள்ள வேண்டும். கிணற்றிலிருந்து எடுக்கும் நீர் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு அமெரிக்க நீரியலாளர் சார்லஸ் தைஸ் 1940இலேயே தெளிவான விடை தந்தார். இறைக்கும் ஒவ்வொரு குடம் நீரும் முதலில் சேமிப்பிலிருந்து குறைகிறது. நாளடைவில், இயல்பாக வெளியேறிக்கொண்டிருந்த நீரைத் தன் பக்கம் இழுக்கிறது, அல்லது கூடுதலாக நீர் இறங்க வழி செய்கிறது. வெளியேறிக்கொண்டிருந்த நீர் என்பது வேறெதுவும் இல்லை. ஊற்றும் ஓடையும் கோடையில் ஆற்றில் கசிந்த நீரும்தான். மாசியில் ஊறிக்கொண்டிருந்த ஓடை ஒன்று உங்கள் ஊரில் இப்போது வறண்டு கிடந்தால், கிணற்றுக்கான விலையை அந்த ஓடை கொடுத்துவிட்டது என்று பொருள். விழுக்காட்டுப் பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு அது தெரியாது.

கேள்வி (திருச்சி, பொறியியல் மாணவி): ஒரு வட்டாரத்தின் நிலத்தடி நீருக்குக் கணினி மாதிரி உருவாக்குவது எப்படி? அது சொல்லும் எதிர்காலத்தை எவ்வளவு தூரம் நம்பலாம்?

பதில்: அடிப்படை மிக எளிது. 1856இல் பிரான்சின் திஜோன் நகரில் பொறியாளர் ஹென்றி டார்சி, மணல் நிரப்பிய குழாய்களில் நீரைச் செலுத்தி ஒரு விதியைக் கண்டறிந்தார். இரு முனைகளுக்கும் இடையிலான நீர்மட்ட வேறுபாடு கூடினால் ஓட்டம் கூடும். தூரம் கூடினால் குறையும். மணலின் கசிதிறன் எவ்வளவோ அதற்கேற்ப அமையும். இன்றைய மாதிரிகள் அனைத்தும் இந்த விதியின் மேல்தான் நிற்கின்றன. வட்டாரத்தை ஆயிரக்கணக்கான கட்டங்களாகவும் அடுக்குகளாகவும் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திற்குள்ளும் வரும் நீர், போகும் நீர், தங்கும் நீர் ஆகியவற்றைச் சமன்படுத்தும் கணக்கைக் கணினி செய்கிறது. அமெரிக்க நிலவியல் அளவை நிறுவனம் 1984இல் வெளியிட்ட ‘மாட்ஃப்ளோ’ என்ற நிரல்தான் உலகெங்கும் இதற்குப் பயன்படுகிறது. அதை எவரும் விலையின்றிப் பெறலாம். மீஞ்சூர் போன்ற இடங்களில் உவர்நீரின் கனத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பதால், அதே நிறுவனத்தின் ‘சீவாட்’ போன்ற நிரல்கள் தேவைப்படும். ஆரணி–கொசஸ்தலைப் படுகைக்கு அண்ணா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உட்படப் பலர் இத்தகைய மாதிரிகளை உருவாக்கியிருக்கிறார்கள்.

ஆனால் நிரலை ஓட்டுவது வேலையின் சிறு பகுதிதான். எந்த ஆழத்தில் எந்த அடுக்கு இருக்கிறது என்பதைத் துளையிட்ட பதிவுகளிலிருந்து வரைய வேண்டும். கசிதிறனை அறிய ஒரு கிணற்றில் மணிக்கணக்கில், சில வேளைகளில் நாள்கணக்கில் இறைத்து, அருகில் உள்ள கண்காணிப்புக் கிணற்றில் மட்டம் எப்படி இறங்குகிறது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். எல்லைகளில் என்ன நடக்கிறது என்று முடிவு செய்ய வேண்டும்: கிழக்கே கடல், மேற்கே பாறை, இடையே ஆறு. இவை அனைத்தையும் உள்ளிட்ட பின், கடந்த ஆண்டுகளில் கிணறுகளில் அளந்த மட்டங்களை மாதிரி திருப்பிச் சொல்கிறதா என்று ஒப்பிட்டு, கசிதிறனையும் மழைநீர் இறங்கும் அளவையும் சிறிது சிறிதாக மாற்றிப் பொருத்துவார்கள்.

பொருந்திவிட்டால் மாதிரி சரியாகிவிட்டது என்று நினைப்பதுதான் பெரிய பொறி. நீர்மட்ட அளவீடுகளை மட்டும் வைத்துக்கொண்டு பொருத்தினால், கசிதிறனையும் மழைநீர் இறங்கும் அளவையும் சேர்த்து இரு மடங்காக்கினாலும் ஏறத்தாழ அதே மட்டங்கள் கிடைக்கும். இரண்டு மாதிரிகளும் கடந்த காலத்தை ஒன்றுபோலவே சொல்லும்; ஆனால் ‘இன்னும் 200 ஆழ்துளைக் கிணறுகள் வந்தால் என்ன ஆகும்’ என்று கேட்டால் வெவ்வேறு பதில் தரும். எது உண்மைக்கு அருகில் இருக்கிறது என்று தீர்மானிக்க, மட்டத்தோடு கூட ஓட்டத்தையும் ஏதாவது ஓரிடத்தில் அளந்திருக்க வேண்டும். இறைத்த நீரின் உண்மையான அளவு, ஆற்றில் கசிந்த நீரின் அளவு, அல்லது நீரின் வயது (அது நிலத்துக்குள் இறங்கி எத்தனை ஆண்டுகள் ஆயின என்பது) என்று ஏதேனும் ஒன்று கையில் இருக்க வேண்டும்.

நம் மாநிலத்தில் இடறுவது இங்கேதான். வேளாண் மின் இணைப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு மீட்டர் கிடையாது. ஒரு வட்டாரத்தில் இறைக்கும் நீரின் அளவை, கிணறுகளின் எண்ணிக்கை, மோட்டார் ஓடும் நேரம், பயிர்ப் பரப்பு ஆகியவற்றிலிருந்து மதிப்பிட்டுத்தான் எழுதுகிறார்கள். மாதிரிக்குள் போகும் எண்களிலேயே மிகப் பெரியதும் மிக முக்கியமானதும் எதுவோ, அதுவே அளக்கப்படாத எண்ணாகவும் இருக்கிறது. இலவச மின்சாரம் வேண்டுமா வேண்டாமா என்ற விவாதத்திற்கு நான் போகவில்லை. மின்சாரத்திற்குக் கட்டணம் வாங்காமலேயே நீரை அளக்க முடியும். ஒரு குறுவட்டத்தில் தேர்ந்தெடுத்த சில நூறு கிணறுகளிலாவது அளந்தாக வேண்டும் என்பதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்.

கணிப்பை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு ஒரு பழைய படிப்பினை உண்டு. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், சால்ட் ஆற்றுப் படுகையும் கீழ் சாந்தா குரூஸ் ஆற்றுப் படுகையும் சேர்ந்த பகுதிக்கு 40 ஆண்டு அளவீடுகளோடு பொருத்திச் செய்த மாதிரி, 1965 முதல் 1974 வரையிலான பத்தாண்டுகளுக்கு நீர்மட்டச் சரிவைக் கணித்திருந்தது. 1986இல் அமெரிக்க நீரியலாளர் லெனர்ட் கோனிகோ அந்தக் கணிப்பை நடந்ததோடு ஒப்பிட்டபோது இரண்டும் சரிவரப் பொருந்தவில்லை. முன்பு இறைத்த வேகத்திலேயே இனியும் இறைப்பார்கள் என்று வைத்துக்கொண்டது பிழைக்கு ஒரு காரணம். மனிதர்கள் என்ன செய்வார்கள் என்பதை எந்த மாதிரியும் அறியாது. ஆதலால், ‘2040இல் நீர்மட்டம் இத்தனை மீட்டர்’ என்று ஒற்றை எண்ணாகச் சொல்லும் அறிக்கையை ஏற்காதீர்கள். இறைப்பு கூடினால் எவ்வளவு, குறைந்தால் எவ்வளவு, மழை பொய்த்தால் எவ்வளவு என்று பல நிலைகளை ஒப்பிட்டு, ஒவ்வொன்றுக்கும் பிழை எல்லையையும் சேர்த்துச் சொல்லும் அறிக்கைதான் முடிவெடுக்க உதவும். ‘இந்த வரிசைக் கிணறுகளைக் கடலிலிருந்து உள்ளே தள்ளி அமைத்தால் உப்பு குறையுமா, அங்கேயே வைத்து இறைப்பைப் பாதியாக்கினால் குறையுமா’ என்பது போன்ற ஒப்பீட்டில் மாதிரிகள் உண்மையிலேயே வலிமையானவை.

கேள்வி (விருத்தாசலம் வாசகர்): நெய்வேலிச் சுரங்கத்தில் இறைக்கும் நீரால் பல கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கிணறுகளில் மட்டம் இறங்க முடியுமா?

பதில்: முடியும், அதற்குக் காரணம் அங்குள்ள நீரின் இயல்பு. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில், கடலூர் மணற்பாறையில், நீர் அழுத்தத்துடன் அடைபட்டிருக்கிறது. சுரங்கத்தின் தரையை அது பிளந்துகொண்டு மேலே வராமல் இருக்க, சுற்றிலும் குழாய்க் கிணறுகள் அமைத்து இடைவிடாமல் இறைத்து அழுத்தத்தைக் குறைக்கிறார்கள். திறந்த நிலத்தடி நீரில் இறைத்தால் மண்ணின் துளைகளே காலியாகின்றன. ஆகவே பாதிப்பு மெல்லவே பரவும். அடைபட்ட அடுக்கில் துளைகள் காலியாவதில்லை, அழுத்தம் மட்டுமே குறைகிறது. அந்தக் குறைவு விரைவாகவும் வெகுதூரமும் பரவும். இருப்பினும், உங்கள் கிணறு அதே அடுக்கில் இறங்கியிருக்கிறதா, அல்லது அதற்கு மேலே களிமண் தடுத்த ஆழமில்லாத அடுக்கில் நிற்கிறதா என்பதைப் பொறுத்தே பாதிப்பு அமையும். கிணற்றின் ஆழமும் துளையிட்டபோது எடுத்த மண் பதிவும் தெரியாமல் எவரும் உங்களுக்கு ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லிவிட முடியாது.

கேள்வி (மதுரை வாசகர்): செயற்கைக்கோள் மூலம் நிலத்தடி நீரைக் கண்டுபிடிக்கலாம் என்கிறார்களே, எங்கள் கிராமத்திற்குச் செய்ய முடியுமா?

பதில்: கிராம அளவில் முடியாது. 2002இல் ஏவப்பட்ட ‘கிரேஸ்’ இணைக்கோள்களும், 2018இல் அவற்றின் வாரிசாக வந்தவையும், புவியீர்ப்பில் ஏற்படும் நுண்ணிய மாற்றத்தைக் கொண்டு ஒரு பெரும் பரப்பில் நீர் கூடியதா குறைந்ததா என்று சொல்கின்றன. பஞ்சாப், அரியானா, ராஜஸ்தான், டெல்லி உள்ளிட்ட வடமேற்கு இந்தியாவில் 2002 ஆகஸ்டு முதல் 2008 அக்டோபர் வரை 109 கன கிலோமீட்டர் நிலத்தடி நீர் குறைந்ததாக 2009இல் வெளிவந்த கணக்கு இவற்றின் தரவிலிருந்து பிறந்ததே. சில நூறு கிலோமீட்டர் அகலமுள்ள பகுதிக்குத்தான் இவை பேசும். உங்கள் ஊரில் துளையிட வேண்டிய இடத்தைக் காட்ட, நிலவியல் வரைபடமும் மின்தடை அளவீடும் தெரிந்த ஒருவர் நேரில் வந்து நிலத்தைப் பார்க்க வேண்டும்.

கேள்வி (யாழ்ப்பாண வாசகர்): வலிகாமத்தில் எங்கள் நீர் சுண்ணாம்புப் பாறையில் இருக்கிறது. மணலுக்குச் செய்யும் கணக்கு இங்கே பொருந்துமா?

பதில்: எச்சரிக்கையுடன்தான் பொருந்தும். சுண்ணாம்புப் பாறையை மழைநீர் கரைத்துக் குகைகளையும் குழாய்போன்ற வழிகளையும் உண்டாக்குகிறது. அவற்றில் நீர் மணலில் கசிவதைப்போல மெல்ல நகராமல் ஓடையாகவே ஓடக்கூடும். கீரிமலையில் கடலோரம் ஊறும் நன்னீர் அத்தகைய ஓட்டத்தின் வெளிப்பாடு. வற்றாத ஆறு எதுவும் இல்லாத குடாநாட்டில், மழை ஒன்றே நிலத்தடி நீரை நிரப்புகிறது. அந்த நன்னீர் உவர்நீரின் மேல் வில்லை வடிவில் மிதக்கிறது. நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதை நீங்கள் நேரில் கண்டிருப்பீர்கள். ஆகவே உங்கள் பகுதியில், ஒரு கிணற்றின் நீர்மட்டத்தை அளப்பதோடு நிறுத்தாமல், வெவ்வேறு ஆழங்களில் உப்பின் அளவையும் மின்கடத்துதிறன் கருவி கொண்டு அளக்க வேண்டும். உரமும் மலக்குழிக் கசிவும் வெடிப்புகள் வழியே விரைவாக இறங்கும் என்பதால், நைட்ரேட் அளவையும் சேர்த்துப் பார்ப்பது உயிர்காக்கும் வேலை. கணினி மாதிரி செய்வதற்கு முன்னரே இந்த அளவீடுகளைத் தொடங்கிவிடலாம்.

கேள்வி (தருமபுரி மாவட்ட உழவர்): அரசின் கண்காணிப்புக் கிணறு எங்கள் ஊரிலிருந்து வெகு தொலைவில் இருக்கிறது. எங்கள் கிணற்றை நாங்களே அளந்து எழுதிவைத்தால் எவருக்காவது பயன்படுமா?

பதில்: நிச்சயம் பயன்படும், இந்த முறை வந்த கடிதங்களிலேயே எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தது உங்கள் கடிதம்தான். மத்திய நிலத்தடி நீர் வாரியம் தன் கண்காணிப்புக் கிணறுகளைப் பொதுவாக ஆண்டுக்கு நான்கு முறை அளக்கிறது. இரண்டு அளவீடுகளுக்கு நடுவில் பெய்த ஒரு பெருமழைக்கு நீர்மட்டம் எத்தனை நாளில், எவ்வளவு ஏறியது என்பது அதில் தெரிவதில்லை. உங்கள் குறிப்பேடு அந்த இடைவெளியை நிரப்பும்.

செய்முறை இதுதான். கிணற்றின் விளிம்பில் ஓரிடத்தில் வண்ணத்தால் ஒரு குறி இட்டு, எப்போதும் அந்தக் குறியிலிருந்தே அளக்க வேண்டும். அந்தக் குறி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பதை ஒருமுறை எழுதிவைத்தால் போதும். நீளாத அளவுநாடா ஒன்றின் நுனியில் எடை கட்டி, கீழ்ப் பகுதியில் சுண்ணக்கட்டி பூசி இறக்கினால், நனைந்த இடம் தெளிவாகத் தெரியும். குறியிலிருந்து இறக்கிய மொத்த நீளத்திலிருந்து நனைந்த நீளத்தைக் கழித்தால் நீர்மட்டத்தின் ஆழம் கிடைத்துவிடும். வாரம் ஒருமுறை, காலையில், மோட்டார் போடுவதற்கு முன் அளக்க வேண்டும். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதோ நிறுத்திய சற்று நேரத்திலோ எடுத்த அளவு, கிணற்றின் மட்டத்தைக் காட்டுமே தவிர நிலத்தின் மட்டத்தைக் காட்டாது.

அதோடு மூன்று செய்திகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: அந்த வாரம் பெய்த மழை, மோட்டார் ஓடிய மணிநேரம், நிலத்தில் நிற்கும் பயிர். மழைக்கு, நேரான பக்கங்கள் கொண்ட ஒரு டப்பாவைத் திறந்த வெளியில் வைத்து அளவுகோலால் அளந்தாலே போதும். நீர் எவ்வளவு வருகிறது என்று அறிய, மோட்டார் குழாயின் கீழ் 200 லிட்டர் டிரம் ஒன்றை வைத்து அது நிறைய எத்தனை வினாடி ஆகிறது என்று பார்த்துக் குறியுங்கள்; நீர்மட்டம் இறங்க இறங்க அதே மோட்டார் குறைவாகத்தான் தள்ளும் என்பதால், இதை மழைக்குப் பின் ஒருமுறையும் கோடையில் ஒருமுறையும் செய்ய வேண்டும். 200ஐ அந்த வினாடிகளால் வகுத்து, வரும் விடையை மோட்டார் ஓடிய நேரத்தோடு (அதையும் வினாடியாக்கி) பெருக்கினால், மேலே திருச்சி மாணவிக்கு எழுதிய பதிலில் அளக்கப்படாத எண் என்று குறிப்பிட்டேனே, அந்த எண் உங்கள் ஒரு கிணற்றுக்காவது கையில் கிடைத்துவிடும். ஓராண்டு நிறைந்ததும் குறிப்பேட்டின் நகலை மாவட்டத்தில் உள்ள நிலத்தடி நீர்ப் பிரிவு அலுவலகத்திலும், அருகில் உள்ள வேளாண் அல்லது பொறியியல் கல்லூரியின் நிலவியல், நீர்வளத் துறைகளிலும் கொடுங்கள். அளவு எடுக்கத் தவறிய வாரத்தை ஊகித்து நிரப்பாமல் வெறுமையாகவே விட்டுவிடுங்கள். பக்கத்துத் தோட்டத்தில் புதிதாகத் துளையிட்டாலோ, உங்கள் கிணற்றைத் தூர்வாரினாலோ, மோட்டாரை மாற்றினாலோ, அந்த நாளையும் ஒரு வரியில் எழுதுங்கள்.